கைத்தட்டலை வெட்ட வேண்டாம்

உட்காருங்க ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்க. சபைக் கமிட்டி கொடுத்துவிட்ட தாளை மேசை மேல வச்சிருங்க. கையெழுத்து போட மாட்டேன். அதை முதல்லயே சொல்லிடுறேன். இல்லாட்டி எப்போ இவள் மனசு மாறுவாள், எப்போ பேனாவை நீட்டலாம்னு நீங்க பார்த்துக்கிட்டே இருப்பீங்க, காப்பி ஆறிப்போகும்.

கோபத்தில் சொல்லலை. எனக்குக் கோபம் வராது. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, தங்கபுஷ்பம் அதிர்ந்து பேச மாட்டாள், எறும்பு கடிச்சாலும் ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் தட்டிவிடுவாள்னு. கோயில்பிள்ளை அண்ணாச்சி மேலகூட எனக்குக் கோபம் கிடையாது. கமிட்டிச் செயலராச்சே, தினமும் காலையில் அவர் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுறேன். போன மாசம் அவருக்கு முட்டி வீங்கினது அதனாலதான்னு எங்க சங்கத்துச் சொர்ணக்கிளி சொன்னாள். நான் அப்படிச் சொல்லலை. வீங்கினது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

தாளில் என்ன எழுதியிருக்குன்னு தெரியும். என்கூட மெட்ராஸ் வந்த மற்ற ஆறு பேரும் கையெழுத்து போட்டாச்சே, சொர்ணக்கிளி வந்து வாசிச்சே காட்டிட்டாள். "பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வெள்ளைச் சேலையுடன் உலகப்பிரகாரமான ஒரு கேளிக்கையில் அறியாமல் கலந்துகொண்டு கைதட்டியதற்காக வருந்துகிறேன். அந்தப் பதிவிலிருந்து அந்தப் பாட்டை நீக்கும்படி என் மகளைக் கேட்டுக்கொள்வேன்." கடைசி வரி எனக்கு மட்டும். மற்றவங்க பிள்ளைகள் யாரும் டிரம்ஸ் அடிக்கலையே.

போடலைன்னா சங்கச் செயலர் பதவி போகும். போகட்டும். பத்தொன்பது வருஷம் ஜெபக்குறிப்பு எழுதினேன், இனி வேற யாராவது நல்ல கையெழுத்துக்காரி எழுதட்டும். ஆனா மூணு மாசம் திருவிருந்து கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, அதுதான் தாங்க முடியலை. திடப்படுத்தல் எடுத்து முதல் தடவை அந்தப் பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கினப்போ எனக்குப் பதினாலு வயசு. அதுக்குப் பிறகு ஒரு மாசம் தவறினதில்லை. எப்சிபா பிறந்தப்போ என்னால் எழுந்திருக்க முடியலை, அப்போ இருந்த ஐயர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாங்க. அப்படி வாங்கினவளுக்கு இல்லைன்னா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

இருந்தும் போட மாட்டேன்.

உங்க வீட்டு ஐயர் நம்ம சபைக்குப் போதகரா மாறுதலாகி, நீங்க போன மே மாசம்தான் வந்தீங்க. உங்களுக்கு எல்லாம் கமிட்டி வாய் வழியாத்தான் தெரியும். என் வாய் வழியாவும் ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. முறுக்கு எடுத்துக்கிடுங்க, எண்ணெய் புதுசு.

என் மகன் சாம்சன் மஸ்கட்டில் இருக்கான், அவனால் ஒரு தொந்தரவும் இல்லை, வருஷத்துக்கு ஒருக்கா வருவான், தூங்குவான், போவான். இளையவள்தான் எப்சிபா. முப்பத்துமூணு நடக்கு. மெட்ராஸில் 'டீசல் ஷெட்'னு ஒரு பேண்டு. ஐந்து பேர். நாலு ஆம்பளைங்க, இவள் ஒருத்தி. நடுவில் உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறவள் இவள்தான். ப்ளூஸ், ஃபங்க் அப்படின்னு சொல்வாள். அது என்னட்டின்னு கேட்டேன். "ப்ளூஸ்னா துக்கத்தை ஒளிக்காமப் பாடுறதும்மா. ஃபங்க்னா அதே துக்கத்தை உதறிட்டு ஆடுறது"ன்னாள். ரெண்டும் ஒரே பாட்டில் எப்படி வரும்னு கேட்டேன். "உன் ஜெபத்துல வரலையா? ஆரம்பிக்கையில மூக்கைச் சிந்துவே. முடிக்கையில ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு எந்திரிச்சு நிப்பே." வாய் அவளுக்கு. அவங்க அப்பா போய் ஏழு வருஷம் ஆச்சு, அந்த வாயை இங்கே விட்டுட்டுப் போயிட்டாங்க.

டிரம்ஸ் எங்கே படிச்சாள்னு கேட்கிறீங்களா? இங்கேதான். நம்ம ஆலயத்தில். வாலிபர் பாடகர் குழுவுக்கு ஒரு கிறிஸ்துமஸுக்கு டிரம்ஸ் வாங்கிப் போட்டாங்க. அடிச்சுக்கிட்டிருந்தவன் வேலை கிடைச்சு ஓசூர் போயிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோரஸ் நேரத்தில் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம், இவள் உட்கார்ந்திருக்காள். பதினாறு வயசு. யாரும் சொல்லிக்கொடுக்கலை ஐயரம்மா. என் வயிற்றில் இருக்கும்போதே அப்படித்தான் உதைப்பாள். ஏழெட்டு மாசம் வாசிச்சாள். அப்புறம் சில பேருக்குப் பிடிக்கலை. பெண் பிள்ளை, பலிபீடத்துக்குப் பக்கத்தில் காலை அகட்டி உட்காருது, தலையை ஆட்டுது, முக்காடு விழுதுன்னு பேச்சு. கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது, எப்சிபா உட்படப் பெண் பிள்ளைகள் யாரும் ஆலயத்தில் டிரம்ஸ் வாசிக்கக் கூடாதுன்னு. நான் என்ன செய்ய? ஜெபம் பண்ணினேன். முழங்காலில் நின்னு ஜெபம் பண்ணினேன். வேற என்ன செய்ய முடியும் ஒரு தாயால்?

சரி, அது இருக்கட்டும். செப்டம்பருக்கு வருவோம்.

செப்டம்பரில் மெட்ராஸில் பெண்கள் மாநாடு. நம்ம சபையிலிருந்து ஏழு பேர் போனோம். ரெண்டாம் நாள் மத்தியானத்தோட முடிஞ்சு போச்சு, சாயங்காலம்தான் ரயில். எப்சிபாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, இன்னைக்கு மூணு மணிக்கு எங்க கச்சேரி. அப்படியே ரெக்கார்ட் பண்ணுறோம். முதல் ஆல்பம். என்னால இப்ப வர முடியாதும்மா"ன்னாள்.

"நீ வர வேண்டாம். நான் வாரேன்."

"உனக்குப் பிடிக்காதும்மா."

"பிடிக்குமா பிடிக்காதான்னு நான் பார்த்துட்டுச் சொல்லுதேன்."

"சரி. ஒரு சீட்டு சொல்லி வைக்கேன்."

ஒரு சீட்டுன்னாள். நான் மற்ற ஆறு பேரை எங்கே விட்டுட்டுப் போக? மெட்ராஸ் ரோட்டில் நிறுத்தவா? ரெண்டு ஆட்டோ பிடிச்சு, வேப்பேரியில் ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்துக்கு எல்லாரும் போய் இறங்கினோம். மாநாட்டுச் சேலை, நீலக்கரை போட்ட வெள்ளை, நெஞ்சில் சங்கத்து அடையாளச் சீட்டு, அப்படியே. மாற்றிக்கிட நேரம் எங்கே இருந்தது?

எப்சிபா வாசலுக்கு வந்தாள். கறுப்பு பனியன், கையில் டிரம்ஸ் குச்சி. எங்களைப் பார்த்ததும் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

"ஒரு ஆள்னுதானேம்மா சொன்னேன்?"

"நான் ஒரு ஆள்தான். இவங்க என்கூட வந்தவங்க."

பின்னாடியே பாட்டுக்காரன் வந்தான். ராட்னின்னு பேர், பெரம்பூர் சட்டைக்காரன், அதான் ஆங்கிலோ இந்தியன், ஆறடி, தலைமுடி கொண்டை போடுற நீளம். "ஆன்ட்டி, இன்னாது இது, மொத்த ஆஸ்பத்திரியும் லீவா?"ன்னான்.

சொர்ணக்கிளி விடுவாளா? "ஆமா தம்பி, உனக்கு ஊசி போடத்தான் வந்திருக்கோம்"ன்னாள். அவன் சிரிச்ச சிரிப்பில் எங்களுக்கு இருந்த பயம் பாதி போச்சு. "முதல் வரிசை உங்களுக்குத்தான். எங்க ஆளுங்க முதல் வரிசைன்னாலே ஓடுவானுங்க"ன்னு கூட்டிட்டுப் போய் உட்கார்த்தினான்.

முதல் வரிசைக்கு மேல மைக் தொங்குச்சு, ரெண்டு. ஒலிப்பதிவு செய்றவர் வரதன், ஐம்பது வயசு இருக்கும், கழுத்தில் ஹெட்ஃபோன். அவர் மேடையில் வந்து சொன்னார்: "இது லைவ் ரெக்கார்டிங். செல்போனை அணைச்சிருங்க. ஆனா நீங்க அமைதியா இருக்க வேண்டாம். தாராளமாக் கை தட்டுங்க, கத்துங்க. கேட்கிறவங்களுக்கு இங்கே மனுஷங்க இருந்தாங்கன்னு தெரியணும்." இதை அவர் சொன்னார் ஐயரம்மா. குறிச்சுக்கிடுங்க. தாளில் "அறியாமல் கைதட்டி"ன்னு எழுதியிருக்கு. அறிஞ்சுதான் தட்டினோம். தட்டச் சொன்னாங்க, தட்டினோம்.

முதல் பாட்டு ஆரம்பிச்சதும் எனக்கும் பயமாத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஸ்பீக்கர் சத்தம் காதில் விழலை, நேரா நெஞ்சில் விழுந்தது. "ஏட்டி தங்கபுஷ்பம், இது பாட்டா, மாவு மில்லா?"ன்னு சொர்ணக்கிளி என் காதில் கத்தினாள். எமிலி டீச்சர் மட்டும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர், வார்த்தைகளைக் கவனிக்கிறாள் போல. நான் வார்த்தையைக் கவனிக்கலை. எனக்கு எங்கே இங்கிலீஷ் தெரியும், எட்டாங்கிளாஸ். நான் என் பிள்ளையைத்தான் பார்த்தேன்.

பதினாறு வயசுக்குப் பிறகு அவள் வாசிச்சு நான் பார்த்ததே இல்லை. என்ன அடி! ராட்னி குதிக்கிறான், கித்தார்க்காரன் மண்டியிடுறான், சாக்ஸபோன் ஊதுறவனுக்குக் கழுத்து நரம்பு புடைக்குது. கூட்டம் முழுக்க எழுந்து நிக்குது. இத்தனை பேரையும் பின்னால் உட்கார்ந்து அவள் ஒருத்தி பிடிச்சிருக்காள். எங்க வீட்டுக் கிணற்றில் வாளி இறைக்கும்போது கயிற்றை அப்படித்தான் பிடிப்பாள், இறுக்கவும் மாட்டாள், விடவும் மாட்டாள். நாலாவது பாட்டில் எனக்குப் பயம் போயிருச்சு. சொர்ணக்கிளிக்கு அதுக்கு முன்னாலேயே போயிருச்சு.

அஞ்சாவது பாட்டு. ராட்னி இங்கிலீஷில் என்னமோ சொல்லிட்டு, அவளைக் கைகாட்டினான். கூட்டம் ஆர்ப்பரிச்சது. எமிலி டீச்சர் என் தோளைத் தொட்டு, "இது உன் மக எழுதின பாட்டாம்"ன்னாள்.

நான் சேலையை இழுத்துச் சரிபண்ணிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் மெதுவாத்தான் ஆரம்பிச்சது. கித்தாரும் அவன் குரலும். ஒரே வரியை ரெண்டு தடவை பாடினான். ப்ளூஸில் அது ஒரு வழக்கமாம். முதல் தடவை சொல்றது, ரெண்டாம் தடவை நிசந்தானான்னு தொட்டுப் பார்க்கிறதுன்னு எப்சிபா பிறகு சொன்னாள். "டீச்சர், என்ன பாடுதான்?"ன்னு கேட்டேன். எமிலி டீச்சர் மேடையைப் பார்த்தபடியே, "சத்தத்துல சரியா விழலை தங்கபுஷ்பம்"ன்னாள். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை முணுமுணுத்தாலே காதில் விழுகிற டீச்சர் அவள். அப்போ அது எனக்குத் தோணலை.

அப்புறம் டிரம்ஸ் உள்ளே வந்தது. துக்கம் போச்சு, ஆட்டம் வந்தது. எனக்கு உட்கார முடியலை ஐயரம்மா. என் பிள்ளை எழுதின பாட்டு. எழுந்தேன். தட்டினேன். நான் எழுந்ததும் மற்ற ஆறு பேரும் எழுந்தாங்க, சங்கத்தில் அப்படித்தானே பழக்கம். செயலர் எழுந்தா எல்லாரும் எழுந்திருவாங்க. நம்ம சபையில் கீர்த்தனைக்குக் கை தட்ட மாட்டோம், சின்னச் சின்னக் கோரஸ் பாட்டுக்குத் தட்டுவோம். அதே தட்டுத்தான். ஏழு பேரும் ஒரே தட்டு. நாற்பது வருஷம் சேர்ந்து தட்டின கைகள், ஒரு கை முந்தாது, ஒரு கை பிந்தாது. எங்க தலைக்கு மேலேயே மைக். எங்க பின்னால் இருந்த கூட்டமும் எங்க கையைப் பார்த்து எங்களோட சேர்ந்தது.

அப்போ மேடையில் என்னமோ ஆச்சு. ராட்னி திரும்பிப் பார்த்தான். கித்தார்க்காரன் விரல் தடுமாறுது. எப்சிபா என்னைப் பார்த்தாள். என்னை மட்டும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் ஒரு அடி ஓங்கி அடிச்சாள். எல்லாம் மறுபடியும் ஒண்ணாச்சு. ஒண்ணாச்சுன்னா எப்படி! கட்டில் காலுக்கு அடியில் சக்கை வச்ச மாதிரி கச்சிதமா உட்கார்ந்தது. கூட்டம் கத்தின கத்தலில் பள்ளிக்கூட ஓடு பெயரும்போல இருந்தது. ராட்னி சிரிச்சுக்கிட்டே பாடுறான். நாங்க நிறுத்தவே இல்லை. கடைசிவரை தட்டினோம்.

முடிஞ்ச பிறகு வரதன் வந்தார். அவர்தான் விளக்கினார். நாலு அடி ஒரு சுற்றாம். இவங்க பாட்டுக்கு ரெண்டிலும் நாலிலும்தான் தட்டணுமாம். நாங்க ஒண்ணிலும் மூணிலும் தட்டிட்டோமாம். "மொத்த ஹாலையும் தப்பாத் தட்ட வச்சுட்டீங்கம்மா. உங்க மகள் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒரே ஒரு அடி கூட்டி அடிச்சு, பேண்டையே உங்க கைக்கு ஏத்த மாதிரி நகர்த்திட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க தட்டினது சரியான இடத்துல விழுந்தது. மற்ற நாலு பேரும் அவங்க முகத்தைப் பார்த்தே பிடிச்சிக்கிட்டாங்க. நான் இருபத்தஞ்சு வருஷமா ரெக்கார்ட் பண்றேன், இப்படி ஒண்ணைப் பிடிச்சதில்லை."

நல்ல மனுஷன். ஆனா அவர் சொன்னதை நான் ஒத்துக்கிடலை. ஏழு பேரும் சேர்ந்து தப்பாத் தட்டுவோமா? ஒண்ணில் தட்டாம ரெண்டில் யாராவது தட்ட ஆரம்பிப்பாங்களா? படியில் ஏறுறவங்க முதல் படியை விட்டுட்டா ஏறுவாங்க? அவங்கதான் எங்கேயோ தவறிப்போயிருக்காங்க, எங்க தட்டைக் கேட்டுத் திருந்தியிருக்காங்க. அவரிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுட்டு, "இருக்கலாம்மா"ன்னார். இப்பவும் அதைத்தான் சொல்லுறேன்.

எப்சிபா வேர்த்து ஊற்றி நின்னாள். என் கையைப் பிடிச்சு விரிச்சுப் பார்த்தாள், உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. "எரியுதாம்மா?"ன்னாள். இல்லைன்னேன். "ட்ரெயினுக்கு நேரமாச்சு, கிளம்புங்க"ன்னாள். கையை மட்டும் விடலை, ஆட்டோ வர்றவரைக்கும்.

விடியக்காலம் ரயில் கோவில்பட்டி தாண்டும்போது எமிலி டீச்சர் என்னை எழுப்பினாள். மற்றவங்க தூங்குறாங்க. "தங்கபுஷ்பம், அந்தப் பாட்டு வார்த்தை எனக்கு விழுந்துச்சு. ராத்திரி பூராத் தூங்கலை. சொல்லவா, வேண்டாமா?"ன்னாள். சொல்லுங்கன்னேன். தமிழில் மாற்றிச் சொன்னாள்.

*என் பேரைத் தாளில் எழுதி வந்தாங்க.*
*பேனா கொண்டு வான்னு சொன்னே, அம்மா.*
*பேனா கொண்டு வான்னு சொன்னே, அம்மா,*
*கொண்டு வந்து கொடுத்தது நான்.*

எமிலி டீச்சர், "இது யாரோ கற்பனைக்கு எழுதினதாத்தான் இருக்கும், பாட்டுன்னா அப்படித்தான்"ன்னாள். ஆமா டீச்சர்ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க ஐயரம்மா. சொல்லத்தானே போறேன்.

அந்தத் தீர்மானம் போட்டாங்கன்னு சொன்னேனே, அதில் ஒரு சங்கடம் வந்தது அவங்களுக்கு. ஆம்பளைங்க மட்டும் சேர்ந்து பெண் பிள்ளையைத் தடுத்தாங்கன்னு பேச்சு வரக்கூடாதாம். அதனால் பெண்கள் சங்கச் செயலர் கையெழுத்தும் வேணும்னாங்க. செயலர் நான். ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போ கமிட்டிச் செயலரா இருந்த ஞானாபரணம் ஐயா இதே அறைக்குத்தான் வந்தாங்க. "உன் மகளாச்சே, நீ போட்டாத்தான் ஊர் வாய் அடைக்கும். உன் பக்திக்கு நீ யோசிப்பியா?"ன்னாங்க. யோசிக்கலை. பேனா தேடினேன், காணோம். அடுக்களையைப் பார்த்து, "ஏட்டி எப்சி, பேனா எடுத்துட்டு வா"ன்னேன். தாளில் என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியாது. ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து அவள் பேனாவை எடுத்துட்டு வந்தாள். மூடியைக் கழற்றிக் கொடுத்தாள். போட்டேன். பக்கத்திலேயே நின்னாள். நான் எழுதி முடிச்ச பிறகுதான் வாசிச்சாள்.

பேனாவை வாங்கி, மூடியைப் போட்டுக்கிட்டுப் போனாள். ரெண்டு வருஷம் கழிச்சு மெட்ராஸ் காலேஜுக்குப் போனவள், விருந்தாளி மாதிரித்தான் அதுக்குப் பிறகு வந்து போறாள். அதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வளர்ந்தா போகத்தான் செய்யும். சாம்சன் போகலையா? ஆனா சாம்சன் பாட்டு எழுதலை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தப் பதிவு வெளிவந்தது. அன்னைக்கு எடுத்த வீடியோவும் சேர்த்து. கோயில்பிள்ளை அண்ணாச்சியோட மருமகன் துபாயில் பார்த்துட்டு நம்ம சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுட்டார். அஞ்சாவது பாட்டில் பாதி நேரம் எங்க ஏழு பேரையும்தான் காட்டுறாங்க. நல்ல வேளை, என் சேலை சரியா இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கமிட்டிக் கூட்டம், விசாரணை. சொர்ணக்கிளி அழுதுக்கிட்டே கையெழுத்து போட்டாள்: "எனக்குப் பேரன் ஞானஸ்நானம் வருதுட்டி, நான் என்ன செய்ய?" அவளை நான் குறை சொல்லலை. எமிலி டீச்சரும் போட்டாள். அவள் "அறியாமல்"ங்கிற வார்த்தையை அடிச்சுட்டுத்தான் போட்டாளாம், அந்த மட்டும் அவள் டீச்சர்.

போன வாரம் எப்சிபா போன் பண்ணினாள். யாரோ சொல்லியிருக்காங்க. "அம்மா, ராட்னிகிட்டே பேசிட்டேன். அந்தப் பாட்டை எடுத்திருவோம். இல்லாட்டி உங்க கைதட்டலையும் படத்தையும் மட்டும் வெட்டிட்டு, ஸ்டூடியோவுல வேற கைதட்டல் சேர்த்துக்கிடலாம்னு வரதன் சார் சொல்லுதார். உனக்கு அங்கே திருவிருந்து இல்லாம இருக்க முடியாதும்மா. எனக்குத் தெரியும்."

பாருங்க, எனக்கு வழி எவ்வளவு சுளுவாத் திறந்தது! அவள் வாயாலேயே சொல்லிட்டாள். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பதவி நிக்கும், பந்தி நிக்கும், அந்தப் பாட்டும் போயிரும், ஊரில் இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தரும் கேட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

"வெட்டினே, அடுத்த ரயில்ல ஏறி நான் அங்கே வந்திருவேன்"ன்னேன்.

"அம்மா, அந்தப் பாட்டுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாது."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"எமிலி டீச்சர்."

"எப்ப?"

"அன்னைக்கே. ரயில்ல."

"நாலு மாசமாத் தெரியுமா? ஏம்மா ஒண்ணும் கேட்கலை?"

"என்னத்தைக் கேட்க? நடந்ததைத்தானே எழுதியிருக்கே. ஒரு வார்த்தை கூட்டலை, ஒரு வார்த்தை குறைக்கலை. என் கைதட்டலும் அதில இருக்கட்டும். அந்தப் பேனாவைக் கேட்டவளும் அங்கே நின்னுதான் தட்டினாள்னு கேட்கிறவங்களுக்குத் தெரியணும்."

அவள் அழுதாள். அழட்டும், அழுது எத்தனை வருஷமாச்சு. பிறகு மூக்கைச் சிந்திட்டு, "ஆனா அம்மா, நீ தப்பாத்தான் தட்டினே"ன்னாள். "போட்டி, உனக்கு என்ன தெரியும்"ன்னேன்.

காப்பி குடிக்கவே இல்லையே நீங்க. சூடுபண்ணித் தரவா? வேண்டாமா? சரி.

தாளை எடுத்துட்டுப் போங்க. ஐயர்கிட்டே சொல்லுங்க, தங்கபுஷ்பம் மரியாதை இல்லாம ஒண்ணும் பேசலைன்னு. மூணு மாசம்னா மூணு மாசம். மற்றவங்க பந்திக்குப் போகும்போது நான் பெஞ்சில் முழங்காலில் இருந்துக்கிடுவேன், என்னைத் தாண்டிப் போறவங்க தாண்டிப் போகட்டும். ஆனா எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு, அதைக் கமிட்டியில் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேட்பாங்க.

அந்தப் பழைய தீர்மானத்தை யாரும் இன்னும் ரத்து பண்ணலை. இன்னைக்கும் நம்ம ஆலயத்தில் ஒரு பெண் பிள்ளை டிரம்ஸ் பக்கம் போனா அதைச் சொல்லித்தான் எழுப்பிவிடுறாங்க. என்மேல நடவடிக்கைன்னு ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறதுக்கு முன்னால், அதை ஒருக்கா சபை முழுக்கக் கேட்க வாசிக்கச் சொல்லுங்க. தேதியோட வாசிக்கட்டும். கீழே மூணு கையெழுத்து இருக்கும். அப்போ இருந்த ஐயர் காலமாயிட்டாங்க. ஞானாபரணம் ஐயாவும் காலமாயிட்டாங்க. மூணாவது ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பாள்.

அவள் பேரை விட்டுடாம வாசிக்கச் சொல்லுங்க. வாசிச்சா நான் எழுந்து நிப்பேன்.